தேசிக்காய்க்கு நுரைத்த கல்

சுவிஸ்
02.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கலா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் சந்தியில் சுபாஸ்கரன் அண்ணையின் கடைக்கு அனுப்புகிறேன். வீட்டில் இருக்கிற ஒரே போன் அம்மாவின் போன். அதில் எழுதினால் அம்மா வாசித்துவிடுவா. கதைத்தால் உங்கள் காதுக்கு எட்ட நான் கத்த வேண்டும், பிறகு ஊருக்கே விசயம் தெரிந்துவிடும். உங்களிடம் மட்டும் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பா, குகையில் ஒரு கல் காணாமல் போய்விட்டது.

யூலை 18ஆம் திகதி உங்கள் இரண்டு பேரையும் நான் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா? இரண்டாவது மண்டபத்தில், கைபிடிக் கம்பிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து வளர்ந்து நின்ற சின்னக் கல். ஒரு சாண் உயரம், இரண்டு விரல் தடிப்பு, உருண்டைத் தலை, இடுப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன் தலையில் விழும். நூறு வருசத்துக்கு ஒரு விரற்கடைதான் வளரும் என்று அன்றைக்கு நான் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். உங்களுக்குக் கேட்டதோ, சும்மா ஆட்டினீர்களோ தெரியாது.

17ஆம் திகதி ஒருவர் எடுத்த படத்தில் அந்தக் கல் நிற்கிறது. 19ஆம் திகதிப் படத்தில் இல்லை, வெள்ளையாக ஒரு முறிவு மட்டும் தெரிகிறது. 18ஆம் திகதி அந்த மண்டபத்துக்குப் போனவை மூன்று குழுக்கள். அதில் ஒன்று என்னுடையது.

நான் லைற்றை நூத்து, இருட்டில் ஒரு நிமிடம் எல்லாரையும் மூச்சுக் காட்டாமல் நிற்கச் சொன்னேனே, அந்த நிமிடத்தில் எனக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ பொல்லை ஊன்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

பதினாறு வருசம் ஹோட்டலில் கட்டில் விரித்தேன், முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவினேன். இடையில் டொச் மொழி படித்து, இந்த வருசம்தான் சனத்துக்குக் குகையைச் சுற்றிக் காட்டுகிற இந்தக் கைட் வேலை கிடைத்தது. நான் கதைக்க நாலு பேர் நின்று கேட்கிற முதல் வேலை இது. ஒக்டோபர் முடியும் மட்டும் என்னைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள்.

நீங்களும் அம்மாவும் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள். கோபிக்காதேங்கோ, கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏதும் எடுத்தீர்களா?

அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. குகையால் வெளியே வந்ததும் நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஐஸ்கிறீமைத் தட்டிவிட்டாவே, அத்தனை சனத்துக்கு முன்னால், அதற்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விமானநிலையத்திலும் சும்மா கையை ஆட்டியதோடு சரி.

பதிலைக் கெதியாக எழுதுங்கோ. தபால்காரனின் மோட்டார்ச் சைக்கிள் சத்தத்துக்கே எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

கலா


சுன்னாகம்
20.09.2024

அன்புள்ள மகள் கலாவுக்கு,

உன் கடிதத்தைச் சுபாஸ்கரன் மூன்று முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தான். கடை நடத்துகிறவனுக்கும் கோயில் தர்மகர்த்தாவுக்கும் ஊர்ப் புதினம் தெரிய வேண்டும், அவன் இரண்டுமாக இருப்பதால் இரண்டு மடங்கு தெரிய வேண்டும். ஒட்டின இடத்தில் இன்னும் கொஞ்சம் பசை பூசி அனுப்பு.

எங்களைக் கல் களவெடுக்கிற கூட்டம் என்று நினைத்தாயோ? காங்கேசன்துறைச் சிமெந்து ஆலையின் ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருசம் சுண்ணாம்புக் கல்லோடு மாரடித்தவன் நான். தொண்ணூறில் ஆலையைப் பூட்டி நாங்கள் இடம்பெயர்ந்த பிறகு, வெங்காயத் தறையிலும் அதே கல்தான் மண்வெட்டியில் மோதியது. கல்லைக் கண்டால் எனக்குக் களைப்புத்தான் வரும், ஆசை வராது.

கொம்மாவின் கைப்பையில் இருந்தது நீ தந்த சொக்லேற், விபூதிப் பை, விமானத்தில் சாப்பாட்டோடு தந்த கரண்டி. அந்தக் கரண்டியை எடுத்தது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. அப்படியே தைரியமாகச் சொல்லு.

ஐஸ்கிறீம் கதையை விடு, பிள்ளை. குளிரில் குளிர்ச் சாமான் கொடுத்தால் யார்தான் வாங்குவார்கள்?

இங்கே வெயில் எரிக்கிறது. மழைக்கு முன் வெங்காயம் நடலாமோ என்று எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். அம்மா சுகமாக இருக்கிறா. முந்தி இருந்ததை விட நல்ல சுகம் என்றே சொல்ல வேண்டும்.

மருமகன் கஜீபனைக் கேட்டதாகச் சொல்லு.

அப்பா
அருளம்பலம்


சுவிஸ்
05.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து, கரண்டி என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். கன நாளைக்குப் பிறகு சிரித்தேன் என்று கஜீபன் சொன்னார்.

அடுத்த நாளே குகைப் பொறுப்பாளரிடம் போனேன். ‘என்னுடைய குழுவில் வந்தவர்கள் எதையும் எடுக்கவில்லை, என் பெற்றோருக்கு நானே பொறுப்பு’ என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ஊரில் எழுதிக் கொடுத்த சொல்லுக்கு மேலே கேள்வி இல்லை.

ஆனால் ஒரு கவலை. மற்றக் குழுக்களில் ஒன்று மக்டலீனுடையது. முதல் நாள் எனக்குத் தலைக்கவசம் கட்டப் பழக்கியதும், கல்லுகளின் பெயரை டொச்சில் சொல்லித் தந்ததும் அவதான். அறுபது வயது, அடுத்த வருசம் ஓய்வு. இப்போது எல்லாரும் அவவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு அவவின் குழுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்களாம். நேற்றுச் சாப்பாட்டு நேரம் தனியாக இருந்தா. நான் பக்கத்தில் போய் இருந்தேன். ‘நீயாவது என்னை நம்புகிறாயே’ என்றா.

அம்மா சுகமாக இருப்பது சந்தோசம். நான் கேட்டதாகச் சொல்லுங்கோ, அல்லது சொல்ல வேண்டாம். உங்கள் விருப்பம்.

கலா


சுவிஸ்
21.10.2024

அப்பா,

சுபாஸ்கரன் அண்ணை நடத்துகிற கோயில் பேஸ்புக்கை இன்று பார்த்தேன்.

‘சுவிஸ் நாட்டிலிருந்து எழுந்தருளிய சுயம்பு. வெள்ளிதோறும் அபிஷேகத்தில் நுரை பொங்கும் அற்புதம். வருகை தாரீர்.’

சந்தனம் பூசி, செவ்வரத்தம் பூ வைத்து, எங்கள் வீட்டுச் சாமி அறையில். பூவுக்குக் கீழே அந்தப் பழுப்பு வளையம் வடிவாகத் தெரிகிறது. பக்கத்தில் நீங்கள் வேட்டியோடு, கையில் செம்பு பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நீங்கள் எழுதித் தந்ததை நம்பி நான் எழுதிக் கொடுத்தேன். மக்டலீன் என்னை நம்புகிறா. நான் பொய்க்காரியாகிவிட்டேன், அதுகூடத் தெரியாமல் அவவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.

அம்மா செய்திருப்பா என்று என் மனதின் ஒரு மூலை முதலே சொன்னது. நீங்கள் பொய் எழுதுவீர்கள் என்று ஒரு மூலையும் சொல்லவில்லை.

உதயகலா


சுன்னாகம்
06.11.2024

கலாவுக்கு,

‘உதயகலா’ என்று முழுப்பெயரும் போட்டுக் கையொப்பம் வைத்திருந்தாய். அதுவே எனக்குக் காணும், வேறு திட்டத் தேவையில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லை அம்மா எடுத்தது அங்கே எனக்குத் தெரியாது. இது சத்தியம். ஓகஸ்ட் கடைசியில் ஊருக்கு வந்து நாலாம் நாள் பெட்டிக்குள் இருந்து ஒரு சட்டையைப் பிரித்தா, உள்ளே அது. “என்னப்பா இது?” என்று கேட்டேன். “சாமி” என்றா. அவ்வளவுதான். கொம்மா ஒரு சொல்லில் பதில் சொன்னால் இரண்டாவது கேள்வி கேட்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபிஷேகம். பால் விட்டா, தேன் விட்டா, இளநீர் விட்டா. பிறகு தேசிக்காயை வெட்டிப் பிழிந்து அந்தப் புளியை விட்டா. கல் நுரைத்தது. மெல்லச் சீறிக்கொண்டு, வெள்ளை வெள்ளையாக நுரை. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதா. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள்.

ஆய்வுகூடத்தில் கல் வந்தால் நாங்கள் முதலில் செய்கிற வேலை அதுதான், பிள்ளை. அசிற் என்கிற அமிலம் ஒரு துளி விடுவோம். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். எத்தனை ஆயிரம் தரம் பார்த்திருப்பேன்! தேசிக்காய்ப் புளியும் அசிற்தான். அது கடவுள் பொங்குவது இல்லை, கல் கரைவது. எனக்கு அது அந்த நிமிடமே தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி, கல்யாணம் கட்டின இந்த நாற்பத்தைந்து வருசத்தில் நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்த வாரத்தில்தான் உன் முதற் கடிதம் வந்தது. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு அந்தக் கரண்டிப் பகிடியை எழுதினேன். நீ கையொப்பம் வைப்பாய் என்று நினைக்கவில்லை. இது மன்னிப்புக் கேட்கிற காரணம் இல்லை, எனக்கு அறிவு அவ்வளவுதான் ஓடியது என்று சொல்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை என்றால் அறுபது எழுபது சனம். ஆளுக்கு இரண்டு தேசிக்காய். சந்தையில் தேசிக்காய் கேட்டால் “சாமிக்கோ, சோத்துக்கோ?” என்று கேட்கிறார்கள். சுபாஸ்கரன் எங்கள் வளவில் ஒரு கொட்டில் போட வேண்டும் என்று நிற்கிறான். நீ நூறு வருசத்துக்கு ஒரு விரற்கடை என்றாய். கல்லின் தலை சப்பையாகிக்கொண்டு வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமையில் எத்தனை வருசம் போகிறது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “கலாவுக்கு வேலை போகப்போகுது, கல்லைத் திருப்பி அனுப்புவம்” என்றேன். அவ அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. நிமிரவில்லை.

“போனாப் போகட்டும். என்ரை பிள்ளை நிலத்துக்கு மேலை நிக்கட்டும்.”

சொல்லிவிட்டுத் திரும்பவும் அரிசியைப் புடைக்கத் தொடங்கினா.

அப்பா


சுவிஸ்
22.11.2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் பொறுப்பாளரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். பேஸ்புக் படத்தையும் காட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி, அந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். என்னுடைய கைட் அட்டையைக் கழற்றி அதற்கு மேலே வைத்துவிட்டு வந்தேன்.

மக்டலீனிடம் நானே போய்ச் சொன்னேன். ‘நீ அறிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்’ என்றா. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

குளிர்காலம் என்பதால் இப்போது குகை சனத்துக்குப் பூட்டு. பங்குனியில் திறக்கும்போது என்னை வைத்திருப்பதா இல்லையா என்று முடிவு செய்வார்களாம். கல் உடையாமல் திரும்பி வந்தால் பழைய இடத்தில் ஒட்டலாம், அது எனக்கு உதவும் என்று சொன்னார். வராவிட்டால் அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அம்மா நினைத்தது நடந்துவிட்டது. நான் இப்போது நிலத்துக்கு மேலேதான் நிற்கிறேன். யன்னலுக்குப் பக்கத்தில் நின்று பனியைப் பார்க்கிறேன். சந்தோசமோ என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கோ.

எனக்கு விளங்கவில்லை அப்பா. ஹோட்டல் கக்கூசைக் கழுவினபோது ஒரு நேர்த்திக்கடனும் வைக்காத அம்மா, நான் தலைநிமிர்ந்து நிற்கிற இடத்தை மட்டும் ஏன் பிடுங்கினா? இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும். கல் வருகிறதோ இல்லையோ.

கலா


சுன்னாகம்
10.12.2024

அன்புள்ள மகள் கலாவுக்கு,

இந்தக் கடிதமும் கல்லும் ஒன்றாக, சுவிசில் இருந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்து நிற்கிற தனுசியாவின் கையில் வருகின்றன. அவள் விடுமுறை முடிந்து பதினைந்தாம் திகதி விமானம் ஏறுகிறாள், சூரிச்சில் உன்னைக் கண்டு தருவாள். பஞ்சு சுற்றி, ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்திருக்கிறேன். மெல்லத் திற.

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை சனம் எல்லாம் கூடினபிறகு, எங்கள் கிணற்றடிக் குவியலில் இருந்து ஒரு சாதாரணக் கல்லை எடுத்துக் கழுவிக்கொண்டு போய்ச் சாமி அறை வாசலில் வைத்தேன். ஒரு தேசிக்காயைப் பிழிந்தேன். அதுவும் நுரைத்தது. “பாருங்கோ, இது எல்லாச் சுண்ணாம்புக் கல்லும் செய்யிற வேலை. இது அற்புதம் இல்லை” என்று சொன்னேன். என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது, தெருவில் போனவனும் நின்று பார்த்தான்.

சுபாஸ்கரன் இரண்டு கல்லையும் மாறிமாறிப் பார்த்தான். “அப்ப அண்ணை, எங்கடை மண்ணிலை இருக்கிற கல்லெல்லாம் சாமி எண்டு சொல்லுறியள்” என்றான். சனம் அரோகரா போட்டது. எங்கள் கிணற்றடிக் குவியலில் பாதி அன்றைக்கே ஆளாளுக்கு ஒன்றாகப் போய்விட்டது. என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அம்மா. எல்லாரும் போனபிறகு கல்லின் தலையை விரலால் தடவிப் பார்த்தா. “நானோ கரைச்சது?” என்று கேட்டா. ஓம் என்றேன். சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டா. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானாகச் சொன்னா. உன் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது, அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

உன் பெரியமாமா சிவசுப்பிரமணியம் கிணற்றில் செத்தது உனக்குத் தெரியும். எப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அம்மாவுக்கு அப்போது பதினாலு வயது. கோடையில் கிணறு வற்றி, அண்ணன் உள்ளே இறங்கிக் கல் உடைத்து ஆழமாக்கிக்கொண்டு இருந்தார். மேலே நிற்பது அம்மா. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் “அண்ணை!” என்று கூப்பிட வேண்டும், அவர் கீழே இருந்து “ஓம்!” சொல்ல வேண்டும். கிணறு வெட்டுகிற எல்லாரும் அப்படித்தான் ஒரு ஆளை மேலே விடுவார்கள். அன்றைக்கு ஒழுங்கையால் ஐஸ்பழக்காரன் மணி அடித்துக்கொண்டு போயிருக்கிறான். இவ ஓடிப்போய் ஒன்று வாங்கி, சூப்பிக்கொண்டு வந்து, “அண்ணை!” என்று கூப்பிட்டிருக்கிறா. பதில் இல்லை. பக்கக் கல் சரிந்துவிட்டது.

எனக்கே இது தெரியாது, கலா. அவ ஐஸ்பழம் தின்னமாட்டா என்று மட்டும் தெரியும். பல்லுக் கூச்சம் என்று நினைத்தேன்.

குகைக்குள் நீ லைற்றை நூத்தபோது அம்மா பயந்துபோனா. “பிள்ளை!” என்று உன்னைக் கூப்பிட்டாவாம். நீ பதில் சொல்லவில்லையாம். எனக்கு அது ஒன்றும் கேட்கவில்லை, நான் பக்கத்திலே மரம் மாதிரி நின்றிருக்கிறேன். திரும்பவும் கூப்பிட்டாவாம். பதில் இல்லை. கையை நீட்டி எதையாவது பிடிக்கப் போக, அந்தக் கல் கைக்கு வந்திருக்கிறது. இறுக்கிப் பிடிக்க, முறிந்துவிட்டது. அந்த நேரம் லைற் வந்தது, நீ சிரித்துக்கொண்டு முன்னுக்கு நின்றாய். “சாமி கல்லைக் குடுத்துப் பிள்ளையையும் தந்தது” என்று அவ நினைத்துக்கொண்டா. அதனால்தான் வைத்துப் பூசை செய்தா. நீ ஒவ்வொரு நாளும் உள்ளே போய் வர வேண்டும், மேலே நிற்பதற்கு ஆள் இல்லை, கல்லாவது நிற்கட்டும் என்று. ஹோட்டலில் நீ என்ன கழுவினாலும் தலைக்கு மேலே ஓட்டுக்கூரைதானே, பிள்ளை.

பேணியில் கல்லை வைத்தது அம்மாதான். நான் கேட்கவில்லை.

அப்பா


சுவிஸ்
28.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

இந்த முறை வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். அப்பா, அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கோ.

கல் பத்திரமாக வந்தது. பொறுப்பாளரும் நானும் ரோச் லைற் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். அடி முறிவில் சரியாகப் போய் உட்கார்ந்தது, ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. பசை வைத்து ஒட்டினோம். ஆனால் தலை அரை விரற்கடை குறைந்துவிட்டது. மினுக்கமும் இல்லை, தவிட்டைப் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. தண்ணீர் இப்போதும் அதே இடத்தில்தான் விழுகிறது. ‘ஐம்பது வருசம் பொறுத்தால் சரியாகும்’ என்றார். பகிடியாகச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ தெரியவில்லை. அவருடைய முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

கைட் வேலையைப் பற்றிப் பங்குனியில்தான் முடிவு. கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். இப்போதைக்கு வேறு வேலை தந்திருக்கிறார்கள். உள்ளே லைற் வெளிச்சம் படுகிற இடங்களில் கல்லில் பச்சைப் பாசி பிடிக்கும், அதைக் குளிர்காலத்தில் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். திரும்பவும் கழுவுகிற வேலைதான். ஓம் என்றேன். கஜீபனுக்குக் கோபம். ஆனால் எனக்கு அந்த இடத்தை விட்டுவிட மனமில்லை.

அம்மா, இனி எழுதுவது உங்களுக்கு.

நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இரண்டு தரமும் கேட்டது. அந்த ஒரு நிமிடம் யாரும் சத்தம் போடக்கூடாது என்று சொன்னது நான். வெள்ளைக்காரர் பதினாலு பேரும் அசையாமல் நிற்க, என் அம்மா மட்டும் தமிழில் கூப்பிட்டது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் பேசாமல் நின்றேன். அப்பாவுக்கு எழுதின முதற் கடிதத்தில் ‘டக்’ என்ற சத்தத்தைத்தான் எழுதினேன், இதை எழுதவில்லை. அப்பா பொய் எழுதினார் என்று கத்தின நானும் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

பெரியமாமாவின் கதை எனக்குத் தெரியாது அம்மா. தெரிந்திருந்தால் வேலை போனாலும் ‘ஓம்’ என்று சொல்லியிருப்பேன்.

ஜனவரி 13ஆம் திகதி, திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன். காலை ஏழு மணிக்கு உள்ளே போவேன், தனியாக இல்லை, இன்னொரு பெண்ணும் வருகிறாள். பத்து மணிக்கு வெளியே வருவோம். உங்களுக்கு அப்போது பின்னேரம் இரண்டரை. வெளியே வந்தவுடன் உங்கள் போனுக்கு ஒரு மிஸ் கோல் அடிப்பேன். எடுக்க வேண்டாம், கதைக்க வேண்டாம். மணி கேட்டால், நான் மேலே வந்து ‘ஓம்’ சொல்கிறேன் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் அடிப்பேன்.

உங்கள் பிள்ளை,
கலா


சுன்னாகம்
14.01.2025

அன்புள்ள மகள் கலாவுக்கு,

இன்று பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. சுபாஸ்கரன் கொட்டில் கதையை விட்டுவிட்டான். இப்போது எங்கள் கிணற்றையே புண்ணிய தீர்த்தம் ஆக்கலாமோ என்று யோசிக்கிறான். நேற்று நடந்ததை எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அவவிடமே கொடுத்துவிட்டேன். அவ வாசித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினா. சாமி அறையில் கல் இருந்த இடத்தைத் துடைத்து, அதில் போனை வைத்தா. போனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை திறக்காதது சரி என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று இரண்டு மணிக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றா. நான் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறுகிற சாட்டில் அவவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டரை ஆனது. ஒன்றும் இல்லை. இரண்டே முக்கால் ஆனது. அம்மாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னா என்று எனக்குக் கேட்காது, ஆனால் வாயின் அசைவு தெரியும். உன்னைத்தான் கூப்பிட்டா.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் ஐஸ்பழ வான் வந்தது. இப்போதெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படலையைத் திறந்துகொண்டு ஓடினார்கள். வான் எங்கள் வாசலிலேயே நின்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றுக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றா.

இரண்டு ஐம்பதுக்கு அவவின் தோள் குலுங்கியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தா. அது அடித்ததோ, அடித்து ஓய்ந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

“என்னப்பா? என்ன?” என்று கத்தினேன்.

அம்மா என் காதுக்குக் கிட்ட வந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்று பலமாகச் சொன்னா:

“ஓமாம்.”

அப்பா